உரிமம் எதை நிரூபிக்கிறது?

உரிமம் ஒரு செயலின் நிலையை மாற்றுகிறது. செய்பவரையோ, செய்யப்படும் பொருளையோ அது தொடுவதில்லை. இங்கிலாந்தில் மது விற்பனை உரிமம் பற்றி எழுந்த தாமஸ் எதிர் சாரெல் வழக்கில் 1673இல் தலைமை நீதிபதி வான் இதைத் தெளிவாக வகுத்தார். உரிமம் எந்தச் சொத்தையும் கைமாற்றுவதில்லை. அது இல்லாவிட்டால் சட்டவிரோதமாகியிருக்கும் ஒரு செயலைச் சட்டத்துக்கு உட்பட்டதாக்குவது மட்டுமே அதன் வேலை என்றார். இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் ஒன்றைச் செய்வதற்கான அனுமதியைப் பற்றிப் பேசும்போது ஏறத்தாழ இதே கருத்தைத்தான் வைத்திருக்கிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்ட் 1913இல் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். அவர் கணக்கில், அனுமதி பெற்றவருக்கு அதைச் செய்யக் கூடாது என்ற கடமை நீங்குகிறது. அதைச் செய்ய உதவும்படி பிறரைக் கேட்கும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடுவதில்லை.

இந்த வரையறையிலிருந்து ஒரு மெய்யியல் கேள்வி பிறக்கிறது. உரிமம் வாங்குவதற்கு முதல் நாள் வண்டி ஓட்டினால் குற்றம். மறுநாள் ஓட்டினால் குற்றமில்லை. கை அதே கை, கண் அதே கண், வண்டியும் சாலையும் அவையேதான். இடையில் வந்தது ஒரு காகிதம். அந்தக் காகிதம் எதற்குச் சான்று? ஓட்டுபவரின் திறமைக்கா, அரசு அவர்மேல் வைத்த நம்பிக்கைக்கா, அவர் விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதற்கா? காகிதம் இல்லாதபோது இவற்றில் எது இல்லாமல் போகிறது? அறநூல்கள் இந்தக் கேள்வியை நேராக எடுத்துப் பேசியது குறைவு. நீதிமன்றங்களுக்கும் தீர்ப்பாயங்களுக்கும் பேசாமல் இருக்க வழியில்லை. அங்கே ஒரு பக்கம் விபத்தில் இறந்தவரின் குடும்பம் பதிலுக்குக் காத்திருக்கிறது.

கோவை ஆர்.எஸ்.புரத்தின் டி.பி. ரோட்டில் ஒரு கடை திறந்திருக்கிறதென்றால் அதன் பின்னால் மாநகராட்சியின் தொழில் உரிமம், உணவு விற்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசுக்கு முத்திரை என்று பல அனுமதிகள் இருக்கும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தத் தாள்களை வாங்க வந்தவர்கள் படிப்பதில்லை. படிக்கத் தேவையும் இல்லை. உரிமம் நீதித்துறை ஆவணங்களுக்குள் நுழைவது ஏதோ ஒன்று தவறிய பிறகுதான். அப்படி மிக அதிகமாக நுழைவது ஓட்டுநர் உரிமம். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்யப்பட்ட திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி திறந்தது. இன்று அவை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165ஆம் பிரிவின் கீழ் இயங்குகின்றன.

தமிழ்நாட்டில் இந்த வழக்குகள் எம்.சி.ஓ.பி. என்ற எழுத்துகளோடு எண்ணிடப்படுகின்றன. கோப்பைத் திறந்தால் எஃப்.ஐ.ஆர்., மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்றிதழ், காப்பீட்டுப் பாலிசி ஆகியவை சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டிருக்கும். ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் எதிர்மனுதாரரான காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமிருந்து வருகிறது, அதுவும் அதன் இல்லாமையைக் காட்டுவதற்காக. உரிமத்தைத் தாக்கல் செய்யும்படி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பியதையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஊழியர் ஒருவர் வந்து பதிவேட்டைப் பார்த்துச் சாட்சி சொன்னதையும் தீர்ப்பில் காணலாம். குற்றப்பத்திரிகையில் உரிமமின்றி ஓட்டியதற்கான 3ஆம் பிரிவும் 181ஆம் பிரிவும் சேர்ந்திருந்தால் நிறுவனத்தின் வாதம் வலுப்பெறும். இல்லாத ஒன்றை நிரூபிக்கும் இந்த வேலை எளிதானதில்லை. ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் நாட்டின் வேறெந்த அலுவலகத்திலும் இல்லை என்று ஆகிவிடாது.

உரிமம் இல்லை என்று நிரூபணமானாலும் அதிலிருந்து என்ன விளைகிறது? உரிமமில்லாதவர் ஓட்டினார், விபத்து நடந்தது, ஆகவே விபத்துக்கு அவரே காரணம் என்று மனம் எளிதில் முடிச்சுப் போட்டுவிடுகிறது. உச்ச நீதிமன்றம் 2008இல் இந்த முடிச்சை அவிழ்த்தது. உரிமமின்றி இருசக்கர வாகனம் ஓட்டிய இளைஞர் ஒருவர் மினி லாரியோடு மோதிக் காயமடைந்த வழக்கு அது. உரிமம் இல்லை என்பதற்காக அவர்மேல் பங்களிப்புக் கவனக்குறைவைச் சுமத்த முடியாது. அவர் எப்படி ஓட்டினார் என்பதுதான் கேள்வி என்று நீதிமன்றம் கூறியது. உரிமமில்லாமல் ஓட்டியது தனிக் குற்றம், அதற்குத் தனித் தண்டனை உண்டு. மோதியதற்கு யார் காரணம் என்பதைச் சாலையில் நடந்ததை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது சட்டத்தின் சலுகை என்று சிலர் நினைக்கக்கூடும். உண்மையில் இது காரணகாரியத் தொடர்பைப் பற்றிய கண்டிப்பான சிந்தனை. ஒருவரிடம் இருக்கும் குறை எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடாது என்ற உண்மை அன்றாட வாழ்வில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

அடுத்த சிக்கல் வாக்குறுதி சார்ந்தது. உரிமமுள்ளவரே வண்டியை ஓட்டுவார் என்று காப்பீட்டு ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது மீறப்பட்டால் காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ளலாமா? 1987இல் ஸ்கேண்டியா காப்பீட்டு நிறுவன வழக்கில் நீதிபதி எம்.பி. தக்கர் எழுதிய தீர்ப்பு இதில் ஒரு திருப்புமுனை. லாரியின் ஓட்டுநருக்கு உரிமம் இருந்தது. அவர் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போன நேரத்தில் உரிமமில்லாத கிளீனர் அதை ஓட்டி விபத்தை ஏற்படுத்தினார். தகுதியான ஓட்டுநரை அமர்த்தித் தன்னால் இயன்றதைச் செய்துவிட்ட உரிமையாளர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகமாட்டார் என்றது நீதிமன்றம். ஒரு வாக்குறுதி மீறப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் வாக்குக் கொடுத்தவர் அதைத் தெரிந்தோ அசட்டையாலோ மீறியிருக்க வேண்டும். தன் கைக்கு எட்டாத இடத்தில் நடந்ததற்காக ஒருவரை வாக்குத் தவறியவர் என்று அழைப்பது அறவியலிலும் பொருந்தாது.

இந்தச் சிந்தனை முழு உருவம் பெற்றது 2004 ஜனவரியில் மூவர் அமர்வு வழங்கிய ஸ்வரண் சிங் தீர்ப்பில். உரிமமின்மையை நிரூபிக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது. அந்த மீறல் உரிமையாளரின் தரப்பில் தெரிந்தோ அசட்டையாலோ நிகழ்ந்ததென்றும், விபத்தோடு அடிப்படையான தொடர்பு உடையதென்றும் காட்ட வேண்டியதும் அதன் கடமை. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் உரிமமுள்ளவர்தான். மீறல் நிரூபணமானாலும், மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை நிறுவனம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கோவை வழக்கறிஞர்கள் 'பே அண்ட் ரெக்கவர்' என்றே குறிப்பிடும் இந்த ஏற்பாட்டில் ஓர் அறத் தேர்வு இருக்கிறது. உரிமம் பற்றிய தகராறு உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. சாலையோரம் நடந்துபோய் அடிபட்டவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அந்தத் தகராறு முடியும்வரை அவருடைய பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்திய நீதித்துறை உரிமத்தைப் பற்றி எழுதியவற்றில் மிக மனிதத்தன்மை வாய்ந்த பகுதி இதுவே எனலாம்.

போலி உரிமம் வேறு வகைச் சிக்கல். இங்கே காகிதம் இருக்கிறது. அதில் உண்மை இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்திரைச் சீட்டுகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. சீட்டில்லாமல் நாட்டுக்குள் நடமாடிய உள்நாட்டவருக்கு 12 பணம் அபராதம். போலிச் சீட்டு வைத்திருந்தவருக்கு அதைவிடக் கடுமையான சாகச தண்டம். இல்லாமல் இருப்பது விதியை மீறுவது. பொய்யாக வைத்திருப்பது, பிறர் நம்பிக்கொண்டிருக்கும் சான்று முறையையே கெடுப்பது. உச்ச நீதிமன்றம் 2001இல் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. போலி உரிமத்தை ஓர் அதிகாரி உண்மையென்று நம்பி முறையாகப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டால் அது உண்மையானதாகிவிடுமா? ஆகாது என்றது நீதிமன்றம். அதிகாரியின் முத்திரை மெய்யானது, அவருடைய நம்பிக்கையும் மெய்யானது. ஆனால் தொடக்கத்தில் இல்லாத ஒன்றைப் புதுப்பிக்க முடியாது.

ஆனால் அந்த ஓட்டுநரை நம்பி வேலைக்கு வைத்த உரிமையாளரின் நிலை என்ன? 2003இல் மற்றொரு வழக்கில் இதற்கும் பதில் கிடைத்தது. ஓட்டுநரை அமர்த்தும்போது உரிமையாளர் உரிமத்தைப் பார்க்க வேண்டும், அது பார்வைக்குச் சரியாக இருக்க வேண்டும், அவர் நன்றாக ஓட்டுகிறாரா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகமாகப் போய் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. சைவ சித்தாந்தம் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றாக வகுத்து, உரை என்ற அளவை சொல்பவரின் நம்பகத்தால் நிற்கிறது என்கிறது. உரிமம் ஒருவகை உரை. அரசு தன் முத்திரையின் வழியே பேசுகிறது. அந்த உரையை நம்பியவர் ஏமாந்தவராகலாம், குற்றவாளி ஆகமாட்டார். போலி என்று தெரிந்தபின்னும் அவரை ஓட்டவிட்டால் அப்போது நிலைமை மாறுகிறது. அறிவு வந்த கணத்திலிருந்து பொறுப்பும் வந்துவிடுகிறது.

ஆவணம், நம்பிக்கை, வழக்கம் ஆகிய மூன்றும் ஒரு மன்றத்தின் முன் மோதிக்கொண்ட கதை தமிழில் ஏற்கெனவே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், மணக்கோலத்திலிருந்த சுந்தரரைத் தன் அடிமை என்று உரிமை கோரி ஒரு முதியவர் வருகிறார். கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் இல்லையே என்று சபையோர் தயங்குகிறார்கள். வழக்கை நிறுவும் வழிகளாக ஆட்சி, ஆவணம், பிறர் காட்சி என்ற மூன்றும் பேசப்படுகின்றன. கிழிக்கப்பட்டது படி மட்டுமே, மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் எழுத்தோடு மூல ஓலையின் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த சபை, ஆவணத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. முதியவர் இறைவன் என்பது தீர்ப்புக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

பக்திக் கதையாக மட்டுமே படிக்கப்படும் இந்தப் பகுதி, சான்றைப் பற்றிய கூர்மையான ஆராய்ச்சியாகவும் இருக்கிறது. எதிரே நிற்பவர் யார் என்பது சபைக்குத் தெரியாது. அவருடைய தோற்றமும் பேச்சும் அவருக்கு எதிராகவே இருந்தன. இருந்தும் சபை ஆளைப் பார்க்கவில்லை. மூலத்தையும் படியையும் பிரித்து, எழுத்தை ஒப்பிட்டு, முறைப்படி நடந்தது. இன்றைய தீர்ப்பாயத்தில் உரிமத்தின் நகலை ஏற்காமல் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்வதும் இதே முறைதான். ஒரு வேறுபாடு உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் ஆவணம் எழுதியவரையும் அவர் வழித்தோன்றலையும் கட்டுப்படுத்தியது. ஓட்டுநர் உரிமத்தின் உண்மையோ பொய்யோ, அதில் எந்தப் பங்கும் இல்லாத மூன்றாம் நபரின் இழப்பீட்டைத் தட்டிப் பறிக்கக் கூடாது என்பதில் இன்றைய தீர்ப்புகள் கவனமாக இருக்கின்றன.

ஓர் உரிமம் எதுவரை நீள்கிறது என்ற கேள்வி கொங்கு நாட்டுக்கு நெருக்கமானது. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கும் பொள்ளாச்சித் தேங்காயும் கோவை வார்ப்பட ஆலைகளின் பம்ப் உதிரிகளும் பெரும்பாலும் சிறிய சரக்கு வண்டிகளில் பயணிக்கின்றன. குட்டியானை என்று மக்கள் அழைக்கும் அந்த வண்டியை, கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாமா, இல்லை, தனியாகப் பேட்ஜ் வேண்டுமா என்பதில் பல ஆண்டுகள் குழப்பம் நிலவியது. பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்காடின. 2017இல் மூவர் அமர்வு, 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்துக்கு இலகுரக உரிமமே போதும் என்றது. ஐயம் தொடர்ந்ததால் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு விஷயம் சென்று, ரம்பா தேவி வழக்கில் 2024 நவம்பர் 6 அன்று அதே முடிவு உறுதியானது. இலகுரக உரிமம் வைத்திருப்பவர்கள் சரக்கு வண்டி ஓட்டுவதால்தான் விபத்துகள் கூடுகின்றன என்பதற்குத் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று நீதிபதி ரிஷிகேஷ் ராய் எழுதிய தீர்ப்பு சுட்டிக்காட்டியது. வகைப்பாடு என்பது ஆபத்தைக் குறைக்க வகுத்தது. ஆபத்தோடு தொடர்பில்லாத வகைப்பாட்டை வைத்து ஒருவரின் பிழைப்பையும் மற்றொருவரின் இழப்பீட்டையும் மறுப்பது நியாயமாகாது என்ற எண்ணம் இந்தத் தீர்ப்பின் அடியில் ஓடுகிறது.

கடையிடங்களைப் பற்றிய வழக்குகளில் உரிமம் வேறு வேடத்தில் வருகிறது. ஒரு கட்டடத்தில் இருப்பவர் குத்தகைதாரரா, உரிமம் பெற்றவரா என்பதைப் பொறுத்து அவரை வெளியேற்றும் வழி மாறும். ஒப்பந்தத்தின் தலைப்பில் 'உரிமம்' என்று எழுதிவிட்டால் போதாது. உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், பிறரை விலக்கிவைக்கும் முழு அனுபவம் கொடுக்கப்பட்டதா என்பது முக்கியமான அறிகுறி என்று 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் நீதிபதி சுப்பா ராவ் வகுத்தார். வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இன்னும் ஆழமாகப் போகிறது. அனுமதியை நம்பி ஒருவர் பணம் செலவழித்து நிலையான கட்டுமானம் எழுப்பிவிட்டால், கொடுத்தவர் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. ஒரு பள்ளி நிர்வாகத்தின் வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பயன்படுத்தி, பள்ளியை வெளியேற்ற முடியாதென்றது. கொடுக்கும்போது வெறும் இசைவாக இருந்தது, மற்றவர் தன் வாழ்வை அதன்மேல் கட்டிய பிறகு வாக்குறுதியாக இறுகிவிடுகிறது. அனுமதி கொடுத்தவரின் விருப்பம் மட்டுமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

யார் எதற்கு அனுமதி கொடுக்க முடியும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. வெள்ளியங்கிரி மலைகளில் பிறக்கும் நொய்யல் கோவையைக் கடந்து திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் சாயப்பட்டறைகள் பல ஆண்டுகள் அதில் கழிவைக் கலந்தன. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் இடமாக மாறி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்று இயங்கிய பட்டறைகளும் அவற்றில் இருந்தன. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கழிவு வெளியேற்றமே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வேலூர் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் விவசாயிகளின் இழப்பீட்டையும் நிர்ணயித்தது.

இந்த வழக்குகளில் இசைவாணையைப் பாதுகாப்புக் கவசமாகக் காட்டும் வாதம் எடுபடவில்லை. வாரியம் ஒரு பட்டறைக்கு அனுமதி தரும்போது கீழ்க்கரை விவசாயியின் சார்பில் அவருடைய கிணற்றை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிக் கொடுக்க அதற்கு அதிகாரமும் இல்லை. தலைமை நீதிபதி வானின் பழைய வரையறைக்கு இங்கே ஒரு வரம்பு தெரிகிறது. உரிமம், தடைசெய்தவரின் தடையை மட்டுமே நீக்கும். அடுத்தவருக்குத் தீங்கு செய்யாதிருக்க வேண்டும் என்ற கடமையை அரசு விதிக்கவில்லை. அதனால் அதை அரசு தள்ளுபடி செய்யவும் முடியாது. எல்லா அறமரபுகளும் கொலை, களவு, பொய்யை ஆட்சியாளரின் ஆணைக்கு முந்திய குற்றங்களாக வைத்திருப்பதன் பொருள் இதுதான்.

இதன் மறுபக்கத்தை ஆர்.எஸ்.புரத்துக்கு மிக அருகிலேயே காணலாம். லாலி ரோட்டைத் தாண்டி நீளும் தடாகம் சாலை போய்ச் சேரும் பள்ளத்தாக்கில், சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஊராட்சிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் உரிய கனிம அனுமதி இன்றிச் செம்மண்ணை வெட்டியெடுத்து இயங்கிவந்தன. உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2021இல் அவை மூடப்பட்டன; தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் விஷயத்தை விசாரித்தது. அங்கே உரிமம் இல்லை என்பது தொடக்கப் புள்ளியாக இருந்தது. வாதம் விரைவிலேயே மண் வெட்டிய ஆழம், மலையிலிருந்து வரும் ஓடைகள், யானைகளின் வழித்தடம் என்று தரைக்கு இறங்கிவிட்டது. திருப்பூரில் இருந்த அனுமதி காப்பாற்றவில்லை. தடாகத்தில் இல்லாத அனுமதி மட்டுமே முழுக் குற்றமாக நிற்கவில்லை. இரண்டிலும் விசாரணை வந்து சேர்ந்த இடம் நிலமும் நீரும்.

மூடியபின் அனுமதி கேட்டால் என்ன செய்வது? காலத்தில் பின்னோக்கி வேலை செய்யும் அனுமதி சாத்தியமா? ஓட்டுநர் உரிமத்தில் பதில் எளிது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் அமைந்தபடி, காலாவதியான 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் பழைய தேதியிலிருந்தும், அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் புதுப்பித்த தேதியிலிருந்தும் உரிமம் செல்லுபடியானது. இடைவெளியில் நடந்த விபத்தைப் பின்னால் வந்த புதுப்பிப்பு மூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது. சுற்றுச்சூழல் அனுமதியில் விஷயம் இன்னும் தீரவில்லை. முன் அனுமதி பெற வேண்டிய தொழிலுக்கு முன்தேதியிட்டு அனுமதி தருவது சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அந்நியமானது என்று 2017இலும் 2020இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் வனசக்தி வழக்கில் அத்தகைய அனுமதிகளுக்கு வழிசெய்த அரசு ஆணைகளை ரத்தும் செய்தது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு, இருவரின் பெரும்பான்மையோடு, அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது.

சமய மரபுகள் இந்த இடத்தில் உதவுகின்றன. செய்துமுடித்த தவற்றுக்கு அவை அனுமதி தருவதில்லை, கழுவாய் தருகின்றன. 12ஆம் நூற்றாண்டுச் சைவ ஆசிரியர் திரிலோசன சிவர், பிராயச்சித்த சமுச்சயம் என்று ஒரு நூலையே இதற்காகத் தொகுத்தார். இஸ்லாமியரின் தவ்பா, கிறிஸ்தவரின் பாவசங்கீர்த்தனம் ஆகியவையும் முதலில் தவற்றைத் தவறென்று ஒப்புக்கொள்ளச் சொல்கின்றன. அனுமதி வருங்காலத்தைப் பார்ப்பது; மன்னிப்பு கடந்தகாலத்தைப் பார்ப்பது. முன்தேதியிட்ட உரிமம் இரண்டையும் குழப்பி, நடந்தது தவறே இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறது. அபராதம் கட்டி, கெட்டதைச் சீர்செய்து, இனிமேல் விதிப்படி நடப்பதாக ஏற்றுக்கொண்டபின் அன்றைய தேதியிலிருந்து புதிய அனுமதி பெறும் வழி, கழுவாயின் வடிவத்துக்கு அருகில் வருகிறது. தொழிலாளரின் பிழைப்பைக் காக்கவும் அது போதுமானது. நடந்ததை நடக்கவில்லை என்று எழுத வேண்டிய தேவை அதில் இல்லை.

வழிபாட்டுக்கு உரிமம் வேண்டுமா என்பது இந்த ஆவணங்களில் எழும் மிக நுட்பமான கேள்வி. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஊர்வலங்களுக்கு உரிமம் கோரும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. 1882இல் சேலத்தில் மசூதி தொடர்பான மதக் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, சுந்தரம் செட்டி வழக்கில் ஊர்வல உரிமையை ஆராய்ந்தது. தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர், ஓரிடத்தில் வந்ததும் வழிபாட்டை நிறுத்தும்படி ஒரு சமயத்தாரைக் கட்டாயப்படுத்துவதும், தாம் போற்றும் இடத்தைக் கடந்து அந்த ஊர்வலம் செல்வதைப் பொறுத்துக்கொள்ளும்படி மற்றொரு சமயத்தாரைக் கட்டாயப்படுத்துவதும் ஒரே அளவுத் துன்பம்தான் என்று கண்டார். எந்தப் பிரிவின் விருப்புவெறுப்பும் சட்டத்தை வளைக்கக் கூடாது. பொதுச்சாலை எல்லாருக்கும் பொது, அமைதியைக் காக்கும் சட்டப்படியான ஆணைகளுக்கு உட்பட்டது. 140 ஆண்டுகள் கடந்தும் இந்த நிலைப்பாட்டின் நிதானம் குறையவில்லை.

2000 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கோட்டை ஒலிபெருக்கிக்கு நீட்டியது. குடியிருப்புப் பகுதியிலிருந்த ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கியைப் பற்றி அக்கம்பக்கத்தார் முறையிட்டிருந்தனர். பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கியோ பறையோ கொண்டுதான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். இதில் அடங்கியிருக்கும் பாகுபாடு முக்கியமானது. அரசமைப்பின் 25ஆம் உறுப்பு மனச்சாட்சியின் சுதந்திரத்தை எல்லாருக்கும் அளிக்கிறது. அதற்கு யாரும் யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சாலையும் ஒலிபெருக்கியும் பலருக்குப் பொதுவான வெளியைத் தொடுகின்றன, அவற்றுக்கு மட்டுமே அனுமதி. பக்தியின் ஆழத்தை அனுமதியின் அளவால் அளக்க முடியாது. அனுமதி மறுக்கப்பட்டதைப் பக்தி மறுக்கப்பட்டதாகக் கொள்வதும் சரியில்லை.

அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டன. எழுத்துபூர்வ அனுமதியின்றி ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அறவே கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். இந்தத் தளர்வு செல்லுமா என்று கேட்கப்பட்டபோது 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தளர்த்தும் அதிகாரம் மாநில அரசிடம் மட்டுமே இருக்க வேண்டும், அதை வேறொருவருக்குக் கையளிக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே விதித்தது.